பூட்டிய கதவும் பூட்டாத மனமும்

நம் சங்கத்து மாத இதழுக்கு ஏதேனும் எழுதித் தரும்படி ஆசிரியர் என்னைப் பலமுறை கேட்டிருக்கிறார். நான் மும்பைக்கு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. பழைய மாதுங்காக் கடைத்தெருவைப் பற்றியோ, என் வங்கி உத்தியோக அனுபவங்களைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால், சில மாதங்களுக்கு முன் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "என் மகன் கை கழுவப் போனால் ஒரு மணி நேரம் குழாயடியை விட்டு வருவதில்லை, சார். அடித்துப் பார்த்துவிட்டேன், அழுது பார்த்துவிட்டேன். ஊருக்கு அழைத்துப்போய் மந்திரித்தும் வந்துவிட்டேன்" என்று குரல் தழுதழுக்கக் கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் வீட்டுக் கதை என் வீட்டுக் கதையாகவே இருந்தது. ஆகவே, இதுகாறும் மிகச் சிலரே அறிந்த ஒரு செய்தியை, வெட்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இங்கே எழுதத் துணிகின்றேன்.

1998ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அப்போது செம்பூரில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கும்பகோணத்திலிருந்து என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, அம்மா உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உடனே புறப்பட்டு வாருங்கள்" என்றான். அலுவலகத்தில் சொல்லிவிட்டு, எப்படியோ சென்னை மெயிலில் மூன்று இடங்களும் பிடித்துவிட்டேன். இரவு என் மனைவியும் ஒன்பது வயது மகளும் நானும் தாதர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பெட்டிகளை இறக்கி வைத்தவுடன் என் நெஞ்சில் ஒரு முள் தைத்தது: அடுப்பின் காஸை மூடினேனா?

மூடியிருந்தேன். புறப்படுமுன் ஆறு முறை திருகிப் பார்த்திருந்தேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆயினும், தெரிந்தது போதவில்லை. கட்டடம் முழுவதும் தீப்பற்றி எரிவதும், கீழ்வீட்டுக் குழந்தைகள் அலறுவதும் கண்முன் தோன்றின. "ஓடிப் போய் ஓடி வந்துவிடுகிறேன்" என்று கூறி டாக்சி பிடித்தேன். வீட்டுக்குப் போனேன். காஸ் மூடியிருந்தது, பூட்டைப் பூட்டிப் படியிறங்கினேன். இறங்கும்போதே, 'இப்போது திருகிப் பார்த்தாயே, அப்பொழுது தவறித் திறந்துவிட்டிருந்தால்?' என்று உள்ளிருந்து ஒரு குரல். மீண்டும் ஏறினேன். இவ்வாறு எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்பது எனக்கு நினைவில்லை. நான் தாதருக்குத் திரும்பியபோது வண்டி போய் வெகு நேரம் ஆகியிருந்தது. என் மனைவி டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மறுநாள் வண்டியில் போனோம். புதன்கிழமை இரவு அம்மா காலமாகிவிட்டார்கள். கைப்பேசி இல்லாத காலம். ரயிலில் இருந்த எங்களுக்குச் செய்தி எட்டவில்லை. வியாழக்கிழமை பிற்பகல் நான் வீட்டு வாசலை மிதித்தபோது, உறவினர்கள் இடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டிருந்தார்கள். மூத்த மகன் நான் செய்ய வேண்டிய கடனை என் தம்பி செய்து முடித்திருந்தான். "ஏன் அண்ணா தாமதம்?" என்று கேட்டான். "டிக்கெட் கிடைக்கவில்லை" என்றேன். என் மனைவி தலைகுனிந்து நின்றாள். திங்கட்கிழமை வண்டியிலேயே வந்திருந்தால், அம்மாவை உயிரோடு பார்த்திருப்பேன்.

இந்த நோய் எனக்கு அன்று தொடங்கியதன்று. கல்லூரியில் படிக்கும்போதே பரீட்சைத் தாளில் பதிவெண்ணைச் சரியாக எழுதினேனா என்று நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மனத்துக்குள் எழுதிப் பார்ப்பதுண்டு. வங்கியில் சேர்ந்த பின்னர், பெட்டகச் சாவியைத் திருப்பியதும், கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திட்டதும் ஐயத்துக்கு இடமாயின. என் மேலதிகாரிகள் இதனைப் பொறுப்புணர்ச்சி என்று பாராட்டினார்கள்! ஐந்து மணிக்கு வேலை முடிந்தாலும் ஏழு மணிக்குத்தான் வெளியே வருவேன். உழைப்பாளி என்ற நற்பெயர் எனக்குக் கிடைத்தது. அதனுள் இருந்த அவதியை எவரும் அறியார்.

நிற்க. இதனினும் பெரிய துன்பம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரைக்குப் பயனில்லை.

எங்கள் குடும்பத்துக்குச் சுவாமிமலை முருகன்தான் எல்லாம். அம்மலைக்குப் படிகள் அறுபது. தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிப்பன என்பார்கள். சிறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் ஓர் ஆண்டின் பெயரைச் சொல்லி ஏறியிருக்கிறேன். 1986ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அந்தச் சந்நிதியில், தீபாராதனை நடக்கும் வேளையில், சொல்லத் தகாத ஓர் எண்ணம் என் மனத்தில் தோன்றியது. இழிவானது, வசைச் சொற்களோடு கூடியது. நான் நடுங்கிப் போனேன். 'இப்படி நினைக்கின்ற நானும் ஒரு மனிதனா?' என்று எண்ணினேன். விரட்ட விரட்ட அது பன்மடங்காய்த் திரும்பி வந்தது. பிராயச்சித்தமாக ஆறு முறை 'முருகா' என்று சொல்லத் தொடங்கினேன். ஆறு போதாமல் பன்னிரண்டு ஆயிற்று; பன்னிரண்டு முப்பத்தாறு ஆயிற்று. படியேறும்போது இடையில் அவ்வெண்ணம் வந்தால், கீழே இறங்கி முதற்படியிலிருந்து மறுபடியும் ஏற வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கியவன், உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்தும்வரை மேலே போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். செம்பூர் சேடா நகர்க் குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கிறது; கிருத்திகைதோறும் அக்கம்பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் போவார்கள். நான் மட்டும் ஏதேனும் சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன். "உங்கள் கணவர் பகுத்தறிவுவாதி ஆகிவிட்டாரா?" என்று பெண்கள் என் மனைவியைக் கேட்பார்களாம். கோயிலை வெறுத்து ஒதுங்கியவனாக ஊர் என்னை நினைத்தது. கோயிலை நான் அசுத்தப்படுத்திவிடுவேனோ என்று அஞ்சியல்லவா நான் ஒதுங்கியிருந்தேன்!

இந்நிலையில் பார்க்காத வைத்தியம் இல்லை. சோதிடர் ஒருவர் சனியின் கோளாறு என்றார். பரிகாரங்கள் செய்தோம்; ஒவ்வொரு பரிகாரத்தையும் சரியாகச் செய்தேனா என்ற ஐயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. பொது வைத்தியர் ஒருவர், "வேலைப் பளு; ஓய்வு எடுங்கள்" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். உறவினர் ஒருவர், "மனத்தை அடக்கப் பழக வேண்டும்" என்றார். அடக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாதவனிடம் அந்த உபதேசம்!

2009ஆம் ஆண்டில் வழி திறந்தது. அப்போது என் மகள் கல்லூரியில் மனோதத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரவு பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து என் எதிரில் விரித்து வைத்தாள். "அப்பா, இந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்" என்று மட்டும் கூறிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். படித்தேன். பத்து வரிகளில் என் முப்பது ஆண்டு வாழ்க்கை எழுதப்பட்டிருந்தது. அடுப்பு, பூட்டு, எண்ணிக்கை, கடவுளைப் பற்றிய தகாத எண்ணங்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. அதற்கு ஒரு பெயரும் இருந்தது. ஆங்கிலத்தில் சுருக்கமாக ஓ.சி.டி. என்கிறார்கள், எண்ணச் சுழல் நோய் என்று தமிழில் சொல்கிறார்கள். தாதர் பிளாட்பாரத்தில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை அன்று உறங்கவில்லை என்பதும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு அன்றிரவுதான் தெரிந்தது.

நோயைப் பற்றி வாசகர்கள் அறிந்துகொள்ளும்பொருட்டு, நான் கற்றதைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். இதற்கு இரண்டு கூறுகள் உண்டு. வேண்டாமென்றாலும் மனத்தில் புகுந்து அச்சமூட்டும் எண்ணம் ஒன்று. அந்த அச்சத்தைத் தணிக்க மீண்டும் மீண்டும் செய்யும் செயல் மற்றொன்று. கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், அடுக்குதல், மனத்துக்குள் ஜபித்தல், 'ஒன்றும் ஆகாது அல்லவா?' என்று வீட்டாரைக் கேட்டுக்கொண்டே இருத்தல் ஆகிய யாவும் இரண்டாவதில் அடங்கும். உலகில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர்வரை வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ வாலிபத்திலோ தொடங்குகிறது. சுத்தத்தில் விருப்பமுள்ளவர்களுக்கும், ஒழுங்காகப் பொருள்களை வைப்பவர்களுக்கும் எல்லாம் இந்த நோய் என்று கொள்ளலாகாது. விருப்பத்தோடு செய்வது பழக்கம். வெறுத்துக்கொண்டே செய்து, நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் இழந்து, வாழ்க்கை தடைப்பட்டு நிற்பது நோய்.

இது நம் காலத்துப் புதிய நோயும் அன்று. பிரெஞ்சு நாட்டு வைத்தியர் எஸ்கிரோல் 1838இல் எழுதிய நூலில், கடைக் கணக்கில் பிழை செய்துவிடுவோமோ, பிறர் பொருள் தன் ஆடையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று ஓயாது அஞ்சிய ஒரு பெண்ணைப் பற்றி விரிவாகக் கூறுகிறார். அந்நாட்டார் பிற்காலத்தில் இதனை 'ஐயப் பைத்தியம்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

எனக்குப் பெரிய ஆறுதல் அளித்த செய்தி ஒன்று உண்டு. 1978இல் ராக்மன் என்பவரும், இலங்கையைச் சேர்ந்த பத்மால் டி சில்வா என்பவரும் லண்டனில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். நோயற்ற சாதாரண மக்களிடம், 'உங்களுக்குத் தகாத எண்ணங்கள் தோன்றுவதுண்டா?' என்று கேட்டார்கள். ஐவரில் நால்வர் அளவில், 'உண்டு' என்றார்கள். நோயாளிகளின் எண்ணங்களுக்கும் மற்றவர்களின் எண்ணங்களுக்கும் பொருளில் பெரிய வேற்றுமை இல்லை. மற்றவர்கள் அதை வந்த வழியே போகவிடுகிறார்கள். நோயாளியோ வாசலில் பிடித்து நிறுத்தி, 'நீ யார்? ஏன் வந்தாய்?' என்று விசாரணை நடத்துகிறான். நான் பாவியென்று இருபது ஆண்டுகள் நினைத்தேனே, என்னோடு படியேறிய அத்தனை பேர் மனத்திலும் ஏதோ ஒரு குப்பை பறந்திருக்கும் போலும்!

மற்றொன்று என் அடுப்பைப் பற்றியது. நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2003இல், ஆரோக்கியமான மனிதர்களைக் கம்ப்யூட்டர் திரையில் தோன்றும் ஒரு காஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்தார்கள். முடிவில், அவர்களுடைய நினைவு பிழைபடவில்லை. ஆனால், அந்த நினைவின் தெளிவும் அதன்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கையும் குறைந்துபோயின. அதாவது, ஐயத்தைப் போக்கச் சரிபார்க்கிறோம். சரிபார்ப்பதே ஐயத்தை வளர்க்கிறது. உப்புநீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பது போன்ற காரியம் இது.

மகளின் வற்புறுத்தலால் நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றின் மனநோய்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் யேல்-பிரௌன் அளவுகோல் என்னும் பத்துக் கேள்விகளைக் கேட்டார். மொத்தம் 40 மதிப்பெண். எனக்கு 28 வந்தது. கடுமையான நோய் என்பது அதன் பொருள். மாத்திரை எழுதித் தந்தார். மூளையில் செரட்டோனின் என்னும் பொருளின் இயக்கத்தின்மீது வேலை செய்யும் மருந்து அது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இந்நோய்க்கு அளவு பெரும்பாலும் கூடுதலாக வேண்டியிருக்கும் என்றும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள்வரை பொறுக்க வேண்டும் என்றும், தாமாக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். முதல் இரண்டு வாரங்கள் வயிறு புரட்டியது. விட்டுவிடலாமா என்று தோன்றியது. என் மனைவி விடவில்லை. மூன்றாம் மாதத்தில், எண்ணங்கள் வருவது நிற்காவிட்டாலும், அவற்றின் கூச்சல் சற்றுத் தணிந்திருந்தது.

மருந்தோடு பயிற்சியும் சேர்ந்தது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்னும் மனோதத்துவ நிபுணர், நெடுங்காலம் இந்நோயால் வருந்திய இருவருக்குச் செய்து பார்த்த முறையிலிருந்து வளர்ந்த பயிற்சி அது. எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதன் எதிரில் நிற்க வேண்டும். நின்றபின், வழக்கமான பரிகாரச் செயலைச் செய்யாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். சொல்வதற்கு எளிது! அச்சங்களை ஏணிப்படிபோல் சிறிதிலிருந்து பெரிதாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, கீழ்ப்படியிலிருந்து தொடங்கினோம். கதவை ஒரே முறை பூட்டித் தெருமுனைவரை போய் நிற்பது முதற்படி. முதல் நாள் சட்டை வியர்வையால் நனைந்துவிட்டது. முக்கால் மணி நேரம் நின்றேன். அச்சம் உச்சிக்கு ஏறியது. பிறகு, நான் ஒன்றும் செய்யாமலேயே, மெல்ல இறங்கத் தொடங்கியது. அது தானாக இறங்கும் என்பதை என் ஐம்பத்திரண்டாம் வயதில்தான் கண்டேன். அதற்கு முன் இறங்க ஒரு நாளும் நான் அவகாசம் கொடுத்ததில்லை.

இங்கே நம் போன்றவர்களுக்கே உரிய ஓர் இடையூற்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பயிற்சி அளித்த அம்மையார் மராத்தியர்; ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் பேசினோம். அடுப்பையும் பூட்டையும் எந்த மொழியிலும் பேசிவிடலாம். ஆனால், கோயில் எண்ணங்களைச் சொல்லும் கட்டம் வந்தபோது, ஆங்கிலத்தில் அவற்றை நான் தட்டுத் தடுமாறாமல் கூறிவிட்டேன்! அம்மையாருக்கு வியப்பு. "இவற்றைச் சொல்லும்போது உங்களுக்கு அச்சமே இல்லையே?" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அவை வேறு யாருடைய சொற்களோ போல் இருந்தன. "இவற்றைத் தமிழில் சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை" என்றார். வாயைத் திறந்தேன். கை நடுங்கியது, நாக்கு எழவில்லை. தாய்மொழியில் வந்த நோய் தாய்மொழியில்தான் போக வேண்டியிருந்தது. மகளை மொழிபெயர்க்கச் சொல்லலாமென்றால், பெற்ற பெண்ணின் எதிரில் உச்சரிக்கக்கூடிய சொற்களா அவை? முடிவில், பாலக்காட்டைச் சேர்ந்த, தமிழ் நன்கறிந்த சக நிபுணர் ஒருவரை அம்மையார் அழைத்துவந்தார். அவர் முன்னிலையில் அச்சொற்களைத் தமிழில் எழுதினேன், எழுதியதை உரக்கப் படித்தேன், மறுநாளும் படித்தேன். பத்தாம் நாள் படித்தபோது கொட்டாவி வந்தது. அவர் புன்னகை செய்தார். "இன்று நல்ல நாள், சார்" என்றார்.

வீட்டிலும் ஒரு மாறுதல் வேண்டியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக, "காஸை மூடியாகிவிட்டதா?" என்று நான் கேட்பதும், "மூடியாகிவிட்டது, ஏங்க, படுங்கள்" என்று அவள் சொல்வதும் எங்கள் இல்லறத்தின் ஓர் அங்கமாகிவிட்டன. அன்பினால்தான் அவள் சொன்னாள். அந்த அன்பே நோய்க்கு உணவாயிற்று என்று அம்மையார் விளக்கினார். இனிப் பதில் சொல்லக்கூடாது என்று உடன்பாடு செய்தோம். முதல் நாள் இரவு நான் கேட்டேன். அவள் வெகு நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "பதில் சொல்ல மாட்டேன். ஆனால், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள். இருவரும் கூடத்தில் நள்ளிரவுவரை உட்கார்ந்திருந்தோம். அவளுக்கும் அது எளிதாக இருக்கவில்லை. நோயாளியைத் திட்டுவதும் பயனில்லை. அவன் சொன்னபடியெல்லாம் ஆடுவதும் பயனில்லை. பக்கத்தில் இருந்துகொண்டே பதில் சொல்லாதிருப்பதற்குத்தான் மிகுந்த மனவலிமை வேண்டும்.

இனி, தெய்வ நம்பிக்கையைப் பற்றிச் சில சொற்கள். நோயாளியின் சடங்குகளும் மதச் சடங்குகளும் ஒத்திருக்கின்றன என்று பிராய்டு 1907இல் ஒரு கட்டுரை எழுதினார். அதை அறிந்தபோது, குணமாக வேண்டுமானால் முருகனை விட்டுவிடச் சொல்வார்களோ என்று அஞ்சினேன். அம்மையார் அப்படிச் சொல்லவில்லை. "உங்கள் கோயிலில் ஒரு சாதாரண பக்தர் என்ன செய்வார் என்று கேட்டு வாருங்கள், அதற்குக் கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம்" என்றார். எல்லா மதத்தாரும் இந்த அவதியை அறிந்தே இருக்கிறார்கள். கிறிஸ்தவத் துறவி இக்னேஷியஸ் லொயோலா 1522இல் மன்ரேசா என்னும் ஊரில் தம் பாவங்களை முழுதும் அறிக்கையிட்டேனா என்ற தீராத ஐயத்தால் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எல்லைவரை போனார். ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யன், தம்மை வதைத்த தகாத எண்ணங்களை 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். வழிபாட்டில் வரும் இத்தகைய வீண் ஐயங்களை இஸ்லாமியர் 'வஸ்வாஸ்' என்று கூறி, அதற்குச் செவிசாய்க்கலாகாது என்று போதிக்கின்றனர்.

குருக்கள் ஒருவரிடம் போய், பெயரளவில் விஷயத்தைச் சொன்னேன். வயது முதிர்ந்தவர். விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, நாற்பது வருஷமாகச் சுவாமியைத் தொட்டுப் பூசை செய்கிறேன். என் மனத்தில் என்னென்னவோ வந்துபோகிறது. மனத்தில் வந்ததற்கெல்லாம் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் சுவாமிக்கு அலங்காரம் செய்ய நேரம் ஏது? நீங்கள் வந்து நின்றதுதான் அவருக்குத் தெரியும்" என்றார். இந்தச் சொற்களை நான் திரும்பத் திரும்பக் கேட்டு ஆறுதல் தேடியிருந்தால், அதுவும் நோயின் மற்றொரு வேடமே ஆகியிருக்கும். ஆகையால், ஒரு முறை கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால், அன்றுமுதல் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. முப்பத்தாறு முறை 'முருகா' என்றபோது நான் முருகனை நம்பவில்லை. என் எண்ணிக்கையை நம்பினேன். கணக்கை விட்டுவிட்டு, உறுதி ஒன்றும் கேளாமல் சந்நிதியில் நிற்பதுதான் நம்பிக்கை என்று இப்போது கருதுகின்றேன். பயிற்சியும் அதைத்தான் கேட்டது: உறுதி இல்லாமல் வாழக் கற்றுக்கொள் என்று.

ஓராண்டு சிகிச்சைக்குப்பின் அதே பத்துக் கேள்விகளுக்கு என் மதிப்பெண் 11. நோய் அடியோடு ஒழிந்துவிட்டது என்று கூறமாட்டேன். 2020இல் கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது பழைய ஐயங்கள் மீண்டும் தலைதூக்கின; டாக்டரை வீடியோ மூலம் கண்டு, மருந்தளவை மாற்றி, ஏணியை மறுபடியும் கீழிருந்து ஏறினேன். எல்லோருக்கும் ஒரே அளவில் குணம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால், மருந்தாலும் பயிற்சியாலும் பெரும்பாலோர் தேறுகிறார்கள். 1992இல் அமெரிக்காவில் பாக்ஸ்டர் என்பவரின் குழுவினர் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மருந்தினால் தேறியவர்களுக்கும் பயிற்சியினால் தேறியவர்களுக்கும் மூளையின் ஒரே பகுதியில் ஒரே வகையான மாறுதல் தென்பட்டது. மனத்தின் முயற்சி மூளையையும் திருத்துகிறது என்பது எவ்வளவு நம்பிக்கையூட்டும் செய்தி!

ஒரு கடன் மட்டும் பாக்கி இருந்தது. தம்பியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மையாரிடம் கேட்டேன். "மனச்சுமை குறைவதற்காகவா, அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவா?" என்று கேட்டார். பாவத்தை ஓயாது அறிக்கையிடுவதும் இந்நோயில் ஒரு சடங்காகிவிடும் என்பதனால்தான் அந்தக் கேள்வி. ஓராண்டு பொறுத்திருந்தேன். 2011இல் அம்மாவின் திதிக்குப் போனபோது, திண்ணையில் அவனோடு உட்கார்ந்து, டாக்சியையும் படிகளையும் தாதரையும் சொன்னேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். என்னை மன்னிக்கவில்லை என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தான். "நான் பதின்மூன்று வருஷமாக, உங்களுக்கு அம்மா முக்கியமில்லை என்று நினைத்திருந்தேன், அண்ணா. அன்றைக்கே சொல்லியிருக்கலாம்" என்றான். மேலும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இருவரும் சுவாமிமலைக்குப் போனோம். இருபத்தேழாம் படியில் பழைய எண்ணம் வந்தது. நான் நின்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். நான் கீழே இறங்கவில்லை. இருபத்தெட்டாம் படியில் கால் வைத்தேன்.

அன்பர்களே! நம் வீடுகளில் கை தோல் உரியக் கழுவும் பிள்ளை, பாடத்தை எழுதி எழுதி அழிக்கும் பெண், பூசையறையை விட்டு வெளியே வர முடியாத பெரியவர் இருக்கக்கூடும். அவர்களைப் பிடிவாதக்காரர் என்றோ, பேய் பிடித்தவர் என்றோ ஒதுக்க வேண்டாம். இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசுகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் வழி செய்ய வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். திருமணம் தடைப்படுமே, ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று ஆண்டுகளைக் கடத்த வேண்டாம். நான் கடத்திய ஆண்டுகளில் ஒன்றில்தான் என் தாயின் கடைசி நாள் இருந்தது.

இதைப் படித்தபின் எவரேனும் என்னோடு தனியே பேச விரும்பினால், மாதக் கூட்டத்துக்குப் பிறகு வழக்கம்போல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன், தயங்காமல் வரலாம். முன்பு சொன்ன அன்பரின் மகன் சென்ற மாதம் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறான். குழாயடியில் இப்போது நாற்பது நிமிடம் என்று தகப்பனார் சொன்னார். முருகன் அருளால் அது மேலும் குறையட்டும்.